வேலிக்குள் முப்பத்தொரு வருஷம்

ஆஷ்மியர் மாளிகைத் தோட்டத்துக்கு வேலை கேட்டு வருகிறவனிடம் தலைமைத் தோட்டக்காரர் மெக்கெல்லர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு சீக்கிரம் ஒளிவே?" என்பதுதான். மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா, ஒட்டுக் கட்டத் தெரியுமா என்பதெல்லாம் அப்புறம்.

துரை வீட்டார் தோட்டத்தில் உலாவும்போது தோட்டக்காரன் ஒருத்தனும் அவர்கள் கண்ணில் படக்கூடாது. அது அந்த இடத்துச் சட்டம். யார் போட்டது, எப்போது போட்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ரோஜாவைப் பார்க்க வந்த சீமாட்டி, வேர்த்து வழிகிற ஒரு மூஞ்சியையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் ரோஜாவுக்கு வாசம் போய்விடுமாம்! பதினாலு பேர் இந்தச் சட்டத்துக்குப் பயந்து, துரை வீட்டில் காலைப் பலகாரம் முடிவதற்குள் புல்வெளியை வெட்டி, உதிர்ந்ததைப் பொறுக்கி, சரளைப் பாதையைப் பின்பக்கமாகவே நடந்து வாரி, தங்கள் காலடித் தடத்தையும் தாங்களே அழித்துவிட்டு மாயமாகிவிடுவார்கள். புல் வெட்டும் வண்டியை இழுக்கிற மட்டக்குதிரைக்கு நாலு காலிலும் தோல் செருப்பு மாட்டியிருக்கும், குளம்புத் தடம் விழக்கூடாதே. "குதிரைக்குச் செருப்பு தைச்சுக் குடுக்கிறாங்க, என் பூட்ஸுக்குள்ள மழை பெய்யுது" என்று கண்ணாடி வீட்டில் திராட்சைக் கொடி பார்க்கிற சைலஸ் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ஈனோக் டாப்ஸ்காட் யூ என்கிற அடர்ந்த பச்சை மர வேலிக்குப் பொறுப்பு. மாளிகைக்கும் குளத்துக்கும் நடுவே முந்நூறு அடி நீளத்துக்குப் பாதையின் இரண்டு பக்கமும் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிற வேலி அது. ஆகஸ்டில் ஏணி சாத்தினால் எடுக்க அக்டோபர் ஆகிவிடும். நூல் பிடித்த மாதிரி வெட்டியிருப்பார். மழைத்துளி மேலே விழுந்தால் எந்தப் பக்கம் உருளுவது என்று யோசிக்கும், அவ்வளவு மட்டம். வேலியின் உள்பக்கத்தில், ஓர் ஆள் நுழைந்து நிற்கிற அளவுக்கு ஏழு பொந்துகளையும் அவர்தான் வெட்டி வளர்த்துப் பராமரித்தார். வெளியே இருந்து பார்த்தால் பொந்து இருப்பது தெரியாது. ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. கை காலை ஒடுக்கிக்கொண்டு விறைப்பாக நிற்க வேண்டியது 'பாதிரியார்'. கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் என்றால் அது 'தொட்டில்'. மழைக்கும் நனையாமல், குந்தி உட்கார்ந்து ரொட்டி கூடத் தின்னலாம் என்பதால் ஒன்றுக்கு 'அத்தை வீடு'.

முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் பொந்துகளுக்குள் நின்று ஈனோக் கேட்காத விஷயமில்லை. துரை வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்கும் அங்கேதான் கல்யாணப் பேச்சு நடந்தது. ஒருத்தி வேண்டாம் என்று சொன்னதும், மறுநாள் அதே இடத்தில் அதே ஆளிடம் சரி என்றதும் ஈனோக்குக்குத்தான் முதலில் தெரியும். ஒரு பிஷப் கெட்ட வார்த்தை சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒருமுறை பெரிய துரை சர் எட்மண்ட் ஒரு முழத் தூரத்தில் நின்று சுருட்டுப் பற்ற வைத்தார். புகை நேரே பொந்துக்குள் போனது. ஈனோக்குக்கு அப்போது மாரில் சளி. வந்த இருமலைக் கண் பிதுங்க விழுங்கிவிட்டுச் சிலை போல நின்றார். பெரிய துரை போன பிறகும் இருமல் வரவில்லை. எங்கே போயிற்றோ, கடவுளுக்கே வெளிச்சம். அந்தக் கதையை அவர் ஆப்பிள் கள் விற்கிற சைடர்க் கடையில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. மனிதனுக்கு எதில் எதில் பெருமை வருகிறது பாருங்கள்!

பெரிய துரை 1922-ம் வருஷம் மே மாதம் செத்துப்போனார். மகன் சர் ஹ்யூகோ லண்டனில் இருந்து வந்து சேர்ந்தார். முப்பத்துமூன்று வயது. இயற்கை மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. மனிதர்கள் மேல் அவ்வளவாக இல்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, கண்ணாடி வீட்டில் இருந்து சைலஸின் சீட்டி கேட்டது. துரை வீட்டுத் தோட்டக் கதவு திறந்தால் குருவி மாதிரி மூன்று தரம் சீட்டி அடிப்பது அவன் பொறுப்பு. ஈனோக் ஏணியை விட்டு இறங்கி, ஏணியையும் இழுத்து வேலிக்குப் பின்னால் கிடத்திவிட்டு, 'தொட்டிலு'க்குள் போய்ச் சாய்ந்துகொண்டார். சர் ஹ்யூகோவும் எஸ்டேட் மானேஜர் பிளாண்டியும் சரளையில் நடந்து வந்தார்கள்.

"பதினாலு தோட்டக்காரனா! என்ன பிளாண்டி, விளையாடுறீங்களா?"

"உங்க அப்பா காலத்துல இருந்தே பதினாலு பேருதாங்க, துரை."

"நான் இங்கேயே பொறந்து வளர்ந்தவன். எங்கே அந்தப் பதினாலு பேரும்? நான் பாத்ததெல்லாம் சர்ச்சுல பாட்டுப் பாடுற அந்தக் கிழவன் ஒருத்தனைத்தான். இப்பப் பாருங்க, சுத்தி எவனாவது தெரியுறானா?"

"இருப்பாங்க, துரை. இங்கதான் எங்கேயாவது…"

"எங்கேயாவது படுத்துத் தூங்கிட்டிருப்பானுங்க. எங்க அப்பா ஏமாந்த ஆளு. இந்த மண்ணு அப்பிடி, பிளாண்டி. எதைப் போட்டாலும் தானா வருது. இந்த வேலியையே பாருங்க. எவன் கை பட்டிருக்கு இதுல? யூ மரத்தோட குணமே அது, நேரா வளரும்."

நேரா வளருமாம்! முந்தாநாள்தான் ஈனோக் அந்த இடத்தில் நூல் கட்டி, மட்டம் வைத்து, தோள்பட்டை கழன்று விழ வெட்டியிருந்தார். ஒரு கிளையை முறித்து அந்த ஆள் மூக்குக்கு நேரே நீட்டலாமா என்று கூட நினைத்தார். நினைத்ததோடு சரி.

"அப்பா செத்ததுக்குச் சர்க்கார் கேக்குற மரண வரி கட்டுறதுக்கே பாதி நிலம் போகப் போகுது. நாலு பேரு போதும்" என்றார் சர் ஹ்யூகோ. "மத்தவங்க மைக்கேல் திருநாளுக்கு வீட்டைக் காலி பண்ணட்டும்."

"எந்த நாலு பேருங்க, துரை?"

"அடுத்த செவ்வாக்கிழமை சேர்ந்து ஒரு சுத்து சுத்தி வருவோம். எவன் என்ன பண்றான்னு என் கண்ணால பாத்துட்டு முடிவு பண்றேன்."

அவர்கள் குளத்துப் பக்கம் திரும்பிப் போனார்கள். மைக்கேல் திருநாள் என்றால் செப்டம்பர் கடைசி. அந்த ஊரில் குடி மாறுகிறவர்களெல்லாம் சாமான் ஏற்றுகிற நாள் அதுதான். வேலை போனால் வீடும் போச்சு, ஏனென்றால் வீடு எஸ்டேட்டுடையது. ஈனோக் வீட்டில் டார்கஸ் என்று பெண்டாட்டி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஒரு கால் வீங்கி, மழை வருவதை மூன்று நாள் முன்னாலேயே சொல்லும். ஐம்பத்தாறு வயசில் அவளை அழைத்துக்கொண்டு எந்த ஊரில் போய் யார் வாசலில் நிற்பது?

விதைக் கொட்டகைக்கு ஓடிப்போய் மெக்கெல்லரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மெக்கெல்லர் ஸ்காட்லாந்துக்காரர். அறுபத்தொரு வயது, கறுப்புக் கோட்டு, உருண்டைத் தொப்பி. வேலை நேரத்தில் கோட்டுப் பொத்தானை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"நம்மள ஒருத்தனையும் பாத்ததே இல்லைன்னா சொன்னாரு?"

"ஆமாங்கய்யா. சர்ச்சுல பாடுற நம்ம காய்கறித் தோட்டத்துக் கிழவனத் தவிர."

மெக்கெல்லரின் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா ஈனோக்! பொறந்ததுல இருந்து பாத்ததில்லையாம்! எந்த மாளிகையில எந்தத் தலைமைத் தோட்டக்காரனுக்குய்யா இப்பிடி ஒரு சர்டிபிகேட் கெடைக்கும்?"

"ஐயா, வீடு போகுதுங்க."

மெக்கெல்லர் கையில் இருந்த விதைப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். பிறகு, "அது வேற இருக்கில்ல" என்று சொல்லி முக்காலியில் உட்கார்ந்தார்.

அன்று மத்தியானமே எல்லோரையும் காய்கறித் தோட்டத்து மதிலுக்குள் கூட்டி அவர் தீர்ப்புச் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஒருத்தனும் ஒளியக்கூடாது. எல்லோரும் துரை கண்ணில் பட்டே ஆக வேண்டும். சொன்னால் ஆயிற்றா? ஒளிந்து ஒளிந்தே நரைத்தவர்களுக்கு நிற்கத் தெரியுமா? ஒத்திகை பார்த்துவிடலாம் என்று மெக்கெல்லர் குடையைக் கைத்தடி மாதிரிச் சுழற்றிக்கொண்டு, சர் ஹ்யூகோ போல நெஞ்சை நிமிர்த்திப் பாதையில் நடந்து வந்தார். பத்தடி வைப்பதற்குள் தோட்டம் காலி. அவரைக்காய்ப் பந்தலுக்குள் மூன்று பேர், மதில் மூலையில் இரண்டு பேர், முட்டைக்கோஸ் பாத்தியில் ஒருத்தன் குப்புறக் கிடந்தான்.

"அந்தத் தண்ணித் தொட்டிக்குள்ள எவன்டா?"

"நாந்தாங்கய்யா, சைலஸ்."

"ஏன்டா உள்ள எறங்கினே?"

"தெரியலீங்க. உங்க நடையைப் பாத்ததும் நெசமான துரைன்னு கால் நம்பிடுச்சு." அவன் தலையில் பாசியோடு எழுந்து நின்றான். "தண்ணி ஜில்லுனு இருக்கு, அண்ணே. நீயும் வர்றியா?" என்று ஈனோக்கைப் பார்த்துக் கேட்டான்.

ஈனோக் அப்போது கூஸ்பெர்ரிப் புதருக்குள் இருந்தார். முகமெல்லாம் முள் கீறியிருந்தது.

நாலு நாள் ஒத்திகை நடந்தது. சனிக்கிழமை வாக்கில் ஒரு வழியாக எல்லோருக்கும் நிற்க வந்துவிட்டது. கடைசியில் பிடிபட்டது ஈனோக்குக்குத்தான், அதுவும் பாதிக்குப் பாதி. அப்போது சைலஸ் ஒரு சந்தேகம் கேட்டான்.

"ஐயா, நாம நிக்கிறது சரி. துரை வர்றப்ப கையில வேலை இருக்கணுமா, இருக்கக் கூடாதா?"

"என்னடா கேள்வி இது? எஜமான் எதிர்ல வர்றாரு. நீ அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டுக் குனிஞ்சு கொத்திக்கிட்டு இருப்பியா? கட்டிப் போட்ட நாய் கூட எந்திரிச்சு நிக்கும். சாமானைக் கீழ வை. தொப்பியை எடு. நேரா நில்லு. அவரு தாண்டிப் போற வரைக்கும் அசையாதே."

"அப்ப நாம வேலை செய்யறோம்னு அவருக்கு எப்பிடிங்க தெரியும்?"

"மரியாதை தெரிஞ்சவனுக்கு வேலையும் தெரியும்னு அவருக்குத் தெரியாதா? எட்டு தலைமுறைத் துரைடா அவரு!"

யோசித்துப் பார்த்தால் மெக்கெல்லரை மட்டும் குறை சொல்ல முடியாது. துரை முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு களை பிடுங்குவது என்பதை அந்தப் பதினாலு பேரில் ஒருத்தனாலும் மனசால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைவிட அம்மணமாக நிற்கலாம் என்றிருக்கும் அவர்களுக்கு.

செவ்வாய்க்கிழமை காலையில் டார்கஸ் பன்றிக்கறி வறுத்து, டீ ஊற்றி வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏன்யா, இன்னைக்கு நிப்பியா?"

"நிப்பேன்."

"ராத்திரி படுக்கையில திரும்பிப் படுன்னேன், போர்வைக்குள்ள பூந்து ஒளியிறே. நீ எங்க நிக்கப் போறே!"

"நிப்பேன்னு சொல்றேன்ல."

டார்கஸ் சிரிப்பதை நிறுத்தினாள். "இந்த வீட்டுலதான் மூணு பெத்தேன். ரெண்டு எங்கேயோ பொழைக்கப் போயிருச்சு. ஒண்ணு சர்ச்சுக்குப் பின்னால கெடக்கு. நான் அதை விட்டுட்டு வரமாட்டேன், ஈனோக். உனக்குத் தெரியும்ல?"

அவருக்குத் தெரியும். டீயை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பத்து மணிக்குத் தோட்டக் கதவு திறந்தது. அன்றைக்குச் சீட்டி கிடையாது. ஈனோக் ஏணி உச்சியில் கத்தரியோடு இருந்தார். அங்கிருந்து தோட்டம் முழுக்கத் தெரியும். வாசற்படி ஓரத்தில் மெக்கெல்லர் உருண்டைத் தொப்பியை மாரோடு அணைத்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் வழுக்கையை ஈனோக் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரோஜாப் பாத்தியில் மூன்று பேர், கத்தரியைக் கீழே போட்டுவிட்டு வரிசையாக, தொப்பியும் கையுமாக. புல்வெளி நடுவில் குதிரைக்காரன், அவன் பக்கத்தில் செருப்புப் போட்ட குதிரை. கண்ணாடி வீட்டு வாசலில் சைலஸும் இன்னொருத்தனும். கல் தொட்டி ஓரம் மூன்று பேர். பத்துப் பேர், பத்தும் அசையவில்லை. ஒத்திகையில் கூட இவ்வளவு நன்றாக வந்ததில்லை. அவர்களைப் பார்த்து ஈனோக்குக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

துரையின் முகத்தைப் பார்த்ததும் அந்த நிறைவு வடிந்தது. சர் ஹ்யூகோ ஒவ்வொரு கூட்டத்தையும் தாண்டும்போது கைத்தடியால் சுட்டிக் காட்டிப் பிளாண்டியிடம் என்னவோ கேட்டார். பிளாண்டி தோளைக் குலுக்கினார். துரையின் கழுத்து சிவந்தது, பிறகு காது சிவந்தது. காய்கறித் தோட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் இரண்டு பேரும் நேரே யூ வேலிப் பாதைக்குத் திரும்பினார்கள்.

ஈனோக் இறங்கினார். ஏணி அடியில், பாதை ஓரத்தில், தொப்பியை எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதானே! தொப்பியையும் எடுத்துவிட்டார். சரளை நறநறவென்று கேட்டது. டார்கஸ், வீடு, நிப்பேன்னு சொல்றேன்ல என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லி முடித்தபோது 'அத்தை வீட்டு'க்குள் இருந்தார். எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பாழாய்ப்போன கால்! தன் தொடையில் தானே ஒரு குத்து விட்டுக்கொண்டார்.

"பத்துப் பேர், பிளாண்டி!" சர் ஹ்யூகோ பொந்துக்கு நேர் எதிரே வந்து நின்றார். "பட்டப்பகல்ல, வேலை நேரத்துல, கையில ஒரு துரும்பு கூட இல்லாம! மரம் மாதிரி நின்னு என்னை வேடிக்கை பாக்குறானுங்க. நாம வர்றோம்னு தெரிஞ்சும் ஒரு நடிப்புக்காவது குனியிறானா பாருங்க. அந்தக் குதிரை கூடச் சும்மா நிக்குது!"

"மரியாதைக்குத்தான் நின்னாங்கன்னு நினைக்கிறேன், துரை."

"எனக்கு மரியாதை வேணாம், வேலை வேணும். நின்ன அத்தனை பேரும் போகட்டும். அந்தத் தொப்பிக்காரக் கிழவன் முதல்ல." அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு குரல் மாறியது. "இந்த ஏணி யாருது?"

"டாப்ஸ்காட்டோடதுங்க. வேலி வெட்டுறவரு."

"வெட்டுறாரா? இதையா? அது தானா…" அவர் கீழே குவிந்து கிடந்த பச்சைத் தழையைப் பார்த்தார். "ஆள் எங்கே?"

"உள்ளதான் இருப்பாருங்க." பிளாண்டி வேலியைக் கைத்தடியால் மெல்லத் தட்டினார். "டாப்ஸ்காட், வெளிய வாங்க."

முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு ஈனோக், தலையிலும் தோளிலும் தழை ஒட்டிக்கொண்டிருக்க, துரைக்கு முன்னால் வெளியே வந்து நின்றார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். துரையின் இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பது ஈனோக்குக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வெட்டிட்டு இருந்தியா?"

ஈனோக் தலையாட்டினார்.

"நாங்க வர்றது கேட்டதும் உள்ள போயிட்டே. என் கண்ணுல படக்கூடாதுன்னு. அப்பிடித்தானே?"

அதற்கும் தலையாட்டினார்.

சர் ஹ்யூகோவுக்கு மனசு இளகிவிட்டது. "பாருங்க பிளாண்டி. வேலையும் செஞ்சு, தன் முகத்தையும் காட்டாம… இப்பிடி ஒருத்தன் இருக்கிறப்ப அந்தத் தண்டங்கள் எதுக்கு?" அவர் ஈனோக்கின் பக்கம் குனிந்தார். "நீ நல்லவன். நீ சொன்னா நம்புவேன். அந்தப் பத்துப் பேரும் தினமும் இப்பிடித்தான் நின்னுக்கிட்டு இருப்பானுங்களா?"

எத்தனை சொல்லியிருக்கலாம்! ரோஜாவில் அவர்கள் நாலு மணிக்கு எழுந்து பூச்சி பொறுக்குவதை, சைலஸ் பனிக்காலத்தில் கண்ணாடி வீட்டு அடுப்பு அணையாமல் காவல் இருப்பதை, நின்றது உங்களுக்காகத்தான் என்பதை. அத்தனையும் ஈனோக்கின் தொண்டை வரை வந்தது. வாயைக் கூடத் திறந்தார். துரை வீட்டு ஆள் ஒரு முழத் தூரத்தில் நிற்கும்போது அந்தத் தொண்டையில் இருந்து சத்தம் வந்ததே கிடையாது. இப்போதும் வரவில்லை. காரணம் அது மட்டும்தான் என்று சொன்னால் பொய். டார்கஸ் காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அடுப்படியும் அந்த நேரத்தில் கண் முன்னால் வந்தது. எது எவ்வளவு என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

"கூட வேலை செய்யறவனைக் காட்டிக் குடுக்க மாட்டேங்கிறான், பாத்தீங்களா?" என்றார் சர் ஹ்யூகோ சந்தோஷமாக. "எனக்குப் புரிஞ்சிருச்சுப்பா. நீ சொல்ல வேண்டியதில்லை."

ஈனோக்கை வைத்துக்கொள்வது என்றும், மதிலுக்குள் துரை பார்க்காமல் விட்ட காய்கறித் தோட்டத்து மூன்று பேரை அவருக்குக் கீழே போடுவது என்றும் அங்கேயே முடிவாயிற்று.

சேதி பிளாண்டி வாயாலேயே விதைக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஈனோக் போனபோது மெக்கெல்லர் முக்காலியில் உட்கார்ந்து, தொப்பியைத் தலையில் மாட்டுவதும் எடுப்பதுமாக இருந்தார். சைலஸ்தான் பேசினான்.

"பிரமாதம் அண்ணே. எங்களை வெயில்ல நிக்க வச்சுட்டு நீ மட்டும் நைசா உள்ள பூந்துட்டியே. எத்தனை நாளா போட்ட திட்டம்?"

"சத்தியமா நான் போகலடா சைலஸு. கால்தான் போச்சு. அன்னைக்குத் தொட்டிக்குள்ள உன் கால் போகல?"

"போச்சு. ஒத்துக்கிறேன்." சைலஸ் அருகே வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது, குரலில் மட்டும் அந்த வழக்கமான கேலி ஒட்டிக்கொண்டிருந்தது. "துரை உன்னை ஒரு கேள்வி கேட்டாராமே. பிளாண்டி சொன்னாரு. கால் உள்ள போச்சு, சரி. வாய் எங்க போச்சு, அண்ணே?"

ஈனோக் சும்மா இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். பிளாண்டியிடம் இரண்டு தரம் போனார். துரை முடிவு பண்ணியாயிற்று, இனி ஆகாது என்று பிளாண்டி கதவைச் சாத்தினார். சரி, துரையிடமே பேசிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்ததும் வேலிப் பாதையின் நட்ட நடுவில் போய் நின்றார். சொல்ல வேண்டியதை டார்கஸிடம் நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். கால் இழுத்தது. இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், போகவில்லை. தூரத்தில் சர் ஹ்யூகோ வளைவைத் தாண்டி வந்தார். ஈனோக்கைப் பார்த்ததும் நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே, பிள்ளையை மிரட்டுவது போலக் கைத்தடியை ஆட்டினார்.

"என்ன டாப்ஸ்காட், நீயும் நிக்க ஆரம்பிச்சுட்டியா?"

ஈனோக் 'பாதிரியாரு'க்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அதை டார்கஸிடம் சொல்லிவிட்டு அழுதார். அவள் திட்டவில்லை. "வீடு இருக்குல்ல" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

மைக்கேல் திருநாளன்று காலையிலேயே சந்தில் வண்டிகள் வந்து நின்றுவிட்டன. பத்து வீட்டுச் சாமானும் தெருவில் கிடந்தது. கட்டில், கோழிக் கூண்டு, குழந்தைத் தொட்டில், மெக்கெல்லர் பூப்போட்டிகளில் ஜெயித்து வாங்கின வெள்ளிக் கோப்பைகள் ஒரு வைக்கோல் பெட்டியில். ஈனோக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாமான் தூக்கப் போனார். மெக்கெல்லர் வீட்டு அலமாரியின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பிடித்திருந்தவன் அப்படியே கீழே இறக்கி வைத்துவிட்டு, வேறு ஆளைக் கூப்பிட்டு வந்து, ஈனோக் நின்ற இடத்தில் காற்று நிற்கிற மாதிரி அவரைச் சுற்றிக்கொண்டு தூக்கிப் போனான். டார்கஸ் சைலஸ் பெண்டாட்டிக்கென்று முயல்கறி வைத்துச் சுட்ட பணியாரத்தைத் துணியில் மூடி, நொண்டி நொண்டி எடுத்துக்கொண்டு போனாள். சைலஸ் பெண்டாட்டி அதை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. டார்கஸ் தட்டை மதில் மேல் வைத்துவிட்டு வந்தாள். மத்தியானம் வரை அது அங்கேயே இருந்து, கடைசியில் யார் வீட்டு நாயோ கீழே தள்ளித் தின்றது.

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஈனோக் சந்து முனையில், நல்ல வெயிலில், வழி நடுவே நின்றார். மெக்கெல்லர் வண்டியில் உட்கார்ந்து, ஈனோக்கின் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்தபடி போனார். அப்படிப் பார்ப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். முப்பத்துநாலு வருஷம் துரைமார்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் அல்லவா! ஈனோக் ஒதுங்கி வழி விட வேண்டியிருந்தது. குதிரைக்காரன் வந்தான். கல் தொட்டி ஆள் வந்தான். ஒருத்தன் பார்வையும் அவர் மேல் படவில்லை. சைலஸின் மகள் சாமான் மூட்டைக்கு மேல் இருந்து கையை ஆட்டினாள். அம்மாக்காரி அந்தக் கையை எட்டிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சைலஸு!" என்று கத்தினார் ஈனோக்.

குரல் அன்றைக்கு நன்றாகவே வந்தது. சர்ச்சு வரைக்கும் கேட்டது. "சைலஸு! டேய், நில்லுடா! என்னைப் பாருடா!"

சைலஸ் கடிவாளத்தைச் சுண்டினான். குதிரை மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தது.